டாலா படகில் காலில் பச்சை வளையம் போட்ட கடல்புறா: யாரிடம் சொல்வது?

டாலாப் பயணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாங்கோனில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். பதினோரு வருஷமாகக் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை பான்சொடான் படகில்தான் போக்குவரத்து. பறவைகளைப் பற்றிப் படித்தவள் இல்லை. ஆனால் அந்தக் கடல்புறாக்களை எனக்கு நன்றாகத் தெரியும். பர்மாக்காரர்கள் ஸின்யோ என்பார்கள். அக்டோபர் மாதத் தடின்ஜுட் விளக்குத் திருவிழா முடிந்த கையோடு நாலைந்து வரும், பிறகு நூறு நூறாகச் சேரும், ஏப்ரலில் திங்ஜான் புத்தாண்டுத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கிளம்பிவிடும். என் அப்பா லாஞ்சில் சுக்கானியாக இருந்தவர். "கடல்புறா வந்துருச்சு, இனி குடையை உள்ளே வை" என்பார். அவர் சொல்லி மழை பெய்த வருஷம் எனக்கு நினைவில்லை.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணிப் படகு. தஸௌங்டைங் விளக்குகள் முடிந்து, நம் கார்த்திகை இன்னும் வராத வாரம். ஒரு குடும்பம் கம்பி ஓரமாக நின்று பொரித்த தின்பண்டத்தை வீசிக்கொண்டிருந்தது, பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் கூட்டத்தில் சேராமல் எனக்கு இரண்டு முழம் தள்ளிக் கைப்பிடிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. காலைப் பார்த்தேன். சிவந்த காலில் பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் வளையம், அதில் வெள்ளை எழுத்து. இன்னொரு காலில் மங்கலான உலோக வளையம். சின்னப் பிள்ளைக்குத் தண்டை போட்ட மாதிரி இருந்தது. பறவை குனிந்து அந்தப் பச்சை வளையத்தை மூக்கால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தது. கண் வெளிறிப்போன வெள்ளை. அந்தக் கண்ணால் என்னைத்தான் பார்த்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

ஒரு கையில் காய்கறிப் பை. இன்னொரு கையால் போனை எடுத்து மூன்று படம் எடுத்தேன். இரண்டு கலங்கல். மூன்றாவதில் வளையத்தின் பாதிதான் தெரிகிறது. முதல் எழுத்து ஏ அல்லது ஹெச். கடைசியில் 7. நடுவில் ஒன்று இருக்கிறது, படிக்க முடியவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ இதைக் கையில் பிடித்து, எண் போட்டு, திரும்பப் பறக்க விட்டிருக்கிறார். அது இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு இது தெரிய வேண்டாமா? யாரிடம் சொல்வது? பாதி எழுத்தை வைத்துக்கொண்டு சொன்னால் மதிப்பார்களா? அந்த வளையம் பறவைக்கு வலிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தாமுவே தம்பி எழுதியது:

அக்கா, அது சீனாவிலிருந்து வந்ததுதான், சந்தேகமே வேண்டாம். நீங்கள் கடல்புறா என்பதைத்தான் கடற்காகம் என்றும் சொல்வார்கள். டாலா படகில் வருவது பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகம். மத்திய ஆசியாவின் உயர்ந்த மேட்டு நிலத்து ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிருக்கு நம் பக்கத்துக் கடற்கரைகளுக்கும் ஆறுகளுக்கும் இறங்குகிற பறவை. சிங்ஹாய் ஏரியில் பெரிய கூட்டம் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 3,200 மீட்டர் உயரம்.

தாய்லாந்தில் பாங்பூ என்ற கடற்கரையில் 2008 முதல் 2011 வரை ஒரு ஆய்வு செய்தார்கள். எட்டுக் கடற்காகங்களின் முதுகில் சூரிய ஒளியில் இயங்கும் செயற்கைக்கோள் கருவி கட்டி அனுப்பினார்கள். ஐந்து பறவைகள் போய்த் திரும்பும் முழுச் சுற்றையும் முடித்தன. சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே சராசரியாக 2,400 கிலோமீட்டர், அதைக் கடக்க ஒன்று முதல் இரண்டு வாரம். அந்தப் பாதையில் தங்கி இளைப்பாறிய நாடுகளில் நம் மியன்மாவும் ஒன்று. பங்களாதேஷ், இந்தியா, வியட்நாமும் உண்டு.

2005 மே மாதம் சிங்ஹாய் ஏரியில் பறவைக்காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன, அதில் இந்தக் கடற்காகமும் இருந்தது. அதனால்தான் இவை எங்கெங்கே போகின்றன என்று அப்படித் தேடினார்கள்.

---

மோல்மேன் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்தது பெரிய விஷயம். பாதி எழுத்தானாலும் சொல்லுங்கள்.

தாமுவே தம்பி சொன்ன ஆய்வுச் செய்தி சரி. ஆனால் "சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லக் கூடாது. எட்டுப் பறவை போன வழியை வைத்து ஒன்பதாவது பறவையின் ஊரைத் தீர்மானிக்க முடியாது. பச்சை வளையத்தைப் பல நாட்டில் பல பேர் போடுகிறார்கள். நிறம், எந்தக் கால், காலில் எந்த இடம், எத்தனை எழுத்து, எழுத்தின் நிறம் என்ன, எல்லாம் சேர்ந்தால்தான் எந்தத் திட்டத்துப் பறவை என்று பிடிபடும். நம் ஊகத்தை உண்மையாக எழுதி அனுப்பிவிட்டால், அது இல்லாத ஒரு பயணத்தை வரைபடத்தில் போட்டுவிடும். பிறகு அதை அழிப்பது கஷ்டம்.

வலிக்குமா என்று கேட்டீர்கள். பயிற்சி எடுத்து உரிமம் வாங்கியவர்கள்தான் போடுவார்கள். வளையம் காலைவிடச் சற்று அகலம், மேலும் கீழும் லேசாக நகரும். எடை மிகக் குறைவு. மூக்கால் தட்டியது நாம் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1899இல் டென்மார்க்கில் மோர்டென்சென் என்ற பள்ளி ஆசிரியர் அலுமினிய வளையத்தில் எண்ணும் முகவரியும் பொறித்து ஸ்டார்லிங் என்கிற மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டினார். இன்றைய வளைய முறைக்கெல்லாம் அதுதான் தொடக்கம். நானும் வாத்தியார் என்பதால் அவர் மேல் தனி மரியாதை. ஆனால் உலோக வளையத்தின் எழுத்து பொடியாக இருக்கும். பெரும்பாலும் பறவை செத்த பிறகோ மறுபடி வலையில் விழுந்தபோதோதான் படிக்க முடியும். அதனால்தான் இந்த வண்ண வளையம். உயிரோடு நிற்கிற பறவையை, பிடிக்காமல், தூரத்திலிருந்தே படிக்கலாம். ஒரே பறவையை அதன் ஆயுள் முழுக்கப் பத்துப் பேர் பத்து ஊரில் பார்க்கலாம்.

சரி, இப்போது நீங்கள் எழுத வேண்டியவை. எந்தக் கால் என்பதில்தான் நிறையப் பேர் தவறுவார்கள். பறவையின் இடது கால் வேண்டும், உங்கள் இடது பக்கம் அல்ல. அது உங்களைப் பார்த்து நின்றிருந்தால் மாறிவிடும். சலூன் நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு முடி வெட்டுகிறவரிடம் "இந்தப் பக்கம்" என்று காட்டிக் குழம்புவோமே, அது மாதிரி. முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தால் படமே திரும்பியிருக்கலாம், அதையும் பாருங்கள். அப்புறம் வளையம் முட்டிக்கு மேலேயா கீழேயா. எழுத்து பெரும்பாலும் காலின் கீழிருந்து மேலாக ஓடும், எந்தப் பக்கத்திலிருந்து படித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 0வும் ஓவும், 5ம் எஸ்ஸும், 8ம் பியும் குழப்பும். சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். நாள், மணி, இடம். படத்தை வெட்டாமல், திருத்தாமல் அப்படியே வையுங்கள்.

அனுப்ப வேண்டிய இடம்: சிஆர் பேர்டிங் என்ற இணையதளத்தில் எந்த நிறத்தை எந்தத் திட்டம் போடுகிறது என்ற பட்டியல் இருக்கிறது. ஐரோப்பாக்காரர்கள் தொடங்கியது, அதனால் நம் பக்கத்துத் திட்டங்கள் எல்லாமே அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சீனாவில் 1982இல் தொடங்கிய தேசியப் பறவை வளைய மையம் பெய்ஜிங்கில் இருக்கிறது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். மூன்று இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதில் தப்பில்லை. உங்கள் பறவை இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. கண் வெள்ளை என்று எழுதினீர்களே, அது மிக நல்ல குறிப்பு. வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குத்தான் வெளிறிய கண். கருந்தலைக் கடற்காகம் உருவில் கொஞ்சம் சின்னது, கண் கறுப்பு. குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெளுத்துக் காதருகே ஒரு கரும்பொட்டுதான் இருக்கும், ஆட்கள் குழம்புவது அங்கேதான். பறக்கும்போது இறக்கை நுனிக் கறுப்பில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் உறுதி.

---

வேதாரண்யம் பர்மாக்காரர் எழுதியது:

நான் அங்கே பிறந்து இங்கே வளர்ந்தவன். 1964இல் கப்பலில் வந்தோம், எனக்கு அப்போது ஆறு வயது. ரங்கூனைப் பற்றி எனக்கு இருக்கிற இரண்டு மூன்று நினைவில் ஒன்று இந்தப் பறவை. கப்பல் ஆற்றில் கிளம்பியபோது பின்னாலேயே வெகுதூரம் வந்தன. அம்மா அழுதுகொண்டிருந்தார், நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோடியக்கரையிலும் இதே பறவை குளிருக்கு வருகிறது. பம்பாய்க் கழகத்தார் 1927 முதலே பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள், கோடியக்கரையில் அவர்கள் வெகுகாலமாக வேலை செய்கிறார்கள். வலையிலிருந்து பறவையை எடுத்துக் காலைப் பிடிக்கிற பக்குவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு விரலுக்கு நடுவில் கழுத்து, உள்ளங்கையில் முதுகு. இதயம் அடிப்பது கைக்குத் தெரியும் என்றார் அந்தப் பையன்.

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. வெயிலிலும் உப்பிலும் பிளாஸ்டிக்கின் நிறம் போகும். மஞ்சள் வெள்ளையாகத் தெரியும், பச்சை நீலமாகத் தெரியும். சேறும் பாசியும் ஒட்டினால் எல்லாமே கறுப்பு. அதனால் "பச்சை" என்று மட்டும் எழுதாமல் "வெளுத்த பச்சை" என்றோ "இலைப் பச்சை" என்றோ பார்த்தபடி எழுதுங்கள். அந்தப் பறவை ஒருநாள் இந்தக் கரைக்கும் வந்தால் நான் பார்ப்பேன்.

---

டாலாப் பயணி எழுதியது:

ஐயா, அண்ணே, தம்பி, மூவருக்கும் நன்றி. அண்ணே எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. என் பெரியப்பா குடும்பமும் அந்த வருஷம்தான் போனார்கள். நாங்கள் இருந்துவிட்டோம்.

இப்போது செய்தி. மறுபடி பார்த்தேன்! சனிக்கிழமை காலை, அப்புறம் திங்கட்கிழமை காலை. படகில் இல்லை, பான்சொடான் பக்கம் படகு ஒதுங்குகிற இடத்தில் ஆற்றுக்குள் நட்டிருக்கும் கம்பங்களில், கரையிலிருந்து எண்ணினால் நாலாவதில். இரண்டு நாளும் அதே கம்பம். பக்கத்துக் கம்பம் காலியாக இருந்தும் இன்னொரு பறவை வந்து அதை இடித்தது. இது கழுத்தை நீட்டி ஒரே கத்து, வந்தது போய்விட்டது.

இந்தத் தடவை பையைத் தரையில் வைத்துவிட்டேன். தம்பி ஒருவன், படகில் காடை முட்டை விற்பவன், "அக்கா படம் எடுக்காதீங்க, வீடியோ எடுங்க, மெதுவா ஓட்டிப் பார்க்கலாம்" என்றான். அவன் சொன்னதுதான் சரியாக வந்தது. பறவை உட்கார வரும்போது காலைத் தொங்கவிடுகிறது, அந்த ஒரு நொடியில் வளையம் முழுசாகத் தெரிகிறது. பறக்கும்போது காலை வாலுக்கடியில் மடித்துக்கொள்கிறது, அப்போது ஒன்றும் தெரியாது. எழுத்து வளையத்தைச் சுற்றி இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப இருக்கிறது போலும். ஒரு பக்கம் பாதி, இன்னொரு பக்கம் மீதி என்று சேர்த்துப் பார்த்தால் முதல் எழுத்து ஏ, உறுதி. கடைசி 7, உறுதி. நடுவில் இருப்பது ஈ அல்லது எஃப். அடிக்கோடு இருக்கும் இடத்தில் சேறு.

கால் விஷயத்தில் ஐயா எச்சரித்தது நல்லதாயிற்று. நான் வலது கால் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் அது எனக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோதுதான் தெரிந்தது, பச்சை இடது காலில்.

ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை பார்த்ததை அனுப்பினால் போதாதா? சனி, திங்கள் என்று அதே பறவையை, அதே இடத்தில் பார்த்ததையும் எழுத வேண்டுமா? தொந்தரவாக நினைக்க மாட்டார்களா?

---

மோல்மேன் வாத்தியார் எழுதியது:

மாட்டார்கள். அதைத்தான் அவர்கள் ரொம்பவும் விரும்புவார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு நாள் பார்த்தால் "இந்தப் பறவை யாங்கோனைக் கடந்தது" என்று மட்டும்தான் சொல்லலாம். சனி, திங்கள், அடுத்த மாதம், மாசி வரைக்கும் என்று பார்த்தால் "இது இங்கே தங்குகிறது, இதுதான் அதன் குளிர்கால வீடு" என்று ஆகிவிடுகிறது. எப்போது கடைசியாகக் கண்டீர்கள் என்பது கிளம்பிய நாளைச் சொல்லும். அடுத்த தடின்ஜுட்டுக்குப் பிறகு அதே நாலாவது கம்பத்தில் மறுபடி வந்தால் அது இன்னும் பெரிய செய்தி. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டு ஒரு கம்பத்துக்குத் திரும்புவது என்றால் சும்மாவா? ஐரோப்பாவில் கருந்தலைக் கடற்காகம் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருப்பது தெரிந்ததும் இப்படி வளையத்தைப் படித்துத்தான்.

செயற்கைக்கோள் கருவி அருமையானது, ஆனால் விலை அதிகம், தம்பி சொன்ன ஆய்வில் எட்டே பறவைக்குத்தான் கட்ட முடிந்தது. வளையம் மலிவு, நூற்றுக்கணக்கில் போடலாம். ஆனால் அது தானாகப் பேசாது. அந்தப் பக்கமாக ஒரு ஆள் போக வேண்டும், தினமும் போனால் இன்னும் நல்லது. பதினோரு வருஷமாகத் தினம் இரண்டு தடவை அந்த ஆற்றைக் கடக்கிற நீங்கள் பார்க்கிற மாதிரி, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிற ஆராய்ச்சியாளர் பார்க்க முடியாது. இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை.

என் கதை ஒன்று. இங்கே எங்கள் மொட்டாமா வளைகுடாவின் சேற்றுவெளி 2017இல் ராம்சர் என்ற, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒரு சின்னப் பறவை, மூக்கின் நுனி கரண்டி மாதிரி விரிந்திருக்கும். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுகோத்காவில் குஞ்சு பொரிக்கிறது, அதில் பெரும் பங்கு குளிருக்கு இங்கே வருகிறது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு மீனவரின் படகில் போய், முழங்கால் சேற்றில் நின்று, ஒன்றின் காலில் இளம்பச்சைக் கொடி பார்த்தேன். வளையத்துக்குப் பதில் சின்னக் கொடி மாதிரி ஒரு துண்டு, அதில் இரண்டு எழுத்து. ஒன்றுதான் படிக்க முடிந்தது. வெட்கமாக இருந்தது, இதைப் போய் அனுப்புவதா என்று மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு அனுப்பினேன். பதில் வந்தது. அதே வாரம் அதே இடத்தில் இன்னொருவர் மற்ற எழுத்தைப் படித்திருந்தாராம், இரண்டையும் சேர்த்ததில் பறவை எது என்று தெரிந்துவிட்டதாம். அந்த மீனவருக்குப் போய்ச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வலை கட்டும்போதெல்லாம் காலைப் பார்க்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அதைப் பிடித்துப் படிக்க வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம், காடை முட்டைத் தம்பியிடமும் சொல்லிவையுங்கள். என்றைக்காவது செத்த பறவையைப் பார்த்தால் வெறுங்கையால் தொடாமல் வளையத்தை மட்டும் படம் எடுங்கள். பொரித்த தின்பண்டம் போடுவதைப் பற்றி எனக்கு மனக்கஷ்டம் உண்டு. அதை வேறொரு நாள் பேசலாம்.

---

தாமுவே தம்பி எழுதியது:

ஐயா சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். அக்கா, என்னிடம் பழைய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பான்சொடானுக்குக் கொண்டுவரட்டுமா? நடு எழுத்தின் அடிக்கோட்டைப் பார்த்துவிடலாம்.

---

டாலாப் பயணி எழுதியது:

கொண்டு வா தம்பி. ஏழு மணிக்குள் வந்துவிடு, வெயில் ஏறினால் தண்ணீர் மினுங்கும், வளையம் தெரியாது.

நேற்று ராத்திரி கரண்ட் வந்ததும் எழுதி அனுப்பிவிட்டேன். தவறு இருந்தால் சொல்லுங்கள், இதுதான் எழுதியது:

"பழுப்புத்தலைக் கடற்காகம், வளர்ந்தது, கண் வெளிறியது, இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு உண்டு. பறவையின் இடது காலில், முட்டிக்குக் கீழே, சற்று வெளுத்த பச்சை வளையம், வெள்ளை எழுத்து மூன்று. கீழிருந்து மேலாகப் படித்தது: ஏ, பிறகு ஈ அல்லது எஃப் (உறுதி இல்லை, சேறு), பிறகு 7. வலது காலில் உலோக வளையம், எண் படிக்க முடியவில்லை. யாங்கோன் ஆறு. செவ்வாய் மாலை 5.30, டாலா படகின் கைப்பிடிக் கம்பியில். சனி காலை 6.50, திங்கள் காலை 6.40, பான்சொடான் துறையில் கரையிலிருந்து நாலாவது கம்பத்தில். ஒரு கலங்கல் படமும் ஒரு வீடியோவும் இணைத்திருக்கிறேன். நான் தினமும் இந்த வழியாகப் போகிறேன், தொடர்ந்து எழுதுவேன்."

கடைசி வரியை எழுதும்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் நாற்பது வருஷம் பார்த்தார், ஒரு நாளும் எழுதி வைக்கவில்லை, கேட்கவும் ஆள் இல்லை.

இன்று காலை 6.45. நாலாவது கம்பம். ஒற்றைக் காலில் நின்றது, பச்சை வளையக் காலை மடக்கி இறகுக்குள் வைத்திருந்தது. படகு கிளம்பும் வரை இறக்கவில்லை. வெள்ளைக் கண்ணையும் காதருகே இருந்த பொட்டையும் பார்த்தேன், ஆனால் வளையத்தைப் பார்க்காததால் கணக்கில் சேர்க்கவில்லை.